பச்சை டிக்

சிலம்பரசனை ஷஃபீனா மனத்துக்குள் 'பச்சை டிக்' என்றுதான் கூப்பிடுவாள். திரையில் பச்சை டிக் விழுந்தால் போதும், உள்ளே என்ன குப்பை கிடந்தாலும் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிற ஜென்மம். தருமபுரத்தில் ஆறு பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இவன் ஒரு சீனியர், தலையெழுத்து.

திருநள்ளாற்று லாட்ஜ் ஒன்றுக்கு அவர்கள் கொடுத்த மென்பொருள், ஜாவாவில் துண்டு துண்டான மாட்யூல்களாக இருந்தது. ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு எதெது வேண்டும் என்ற குறிப்போடு வந்தால்தான், அவற்றைக் கோத்து ஓட்டுகிற ஃப்ரேம்வொர்க் சேர்த்துக்கொள்ளும். பில் போடுகிற பழைய மாட்யூல்களில் அந்தக் குறிப்பே கிடையாது. இன்ஸ்டால் ஆகும்போதே அவற்றைப் படித்துக் குறிப்பு எழுதி ஒட்டிவிடும் அடாப்டர் ஒன்றைச் செய்யும் வேலை சிலம்பரசனிடம் வந்தது. மகானுபாவர் என்ன செய்தார்? தேவை எதுவானாலும் 'இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்றே எழுத வைத்துவிட்டார். எல்லாம் இன்ஸ்டால் ஆயிற்று, எல்லாம் பச்சை. வேண்டியவை இணையாததால், பில் பட்டனை அழுத்தினால் மட்டும் வெள்ளைத் திரை.

முதலாளி காஜா நஜ்முதீன் இருவரையும் கூப்பிட்டார். "சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யாரு பில் வர வைக்கிறாங்களோ, அவங்கதான் இனிமே டீம் லீட்."

ஷஃபீனாவுக்கு அந்தப் பதவி வேண்டும். அதைவிட, அது அவனுக்குப் போகக் கூடாது. மூன்றே நாளில் அடாப்டரைத் திருத்தி எழுதினாள், அதற்கு விளக்கமும் எழுதி வைத்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிதாக எல்லாவற்றையும் போட்டுப் பத்துத் தடவை பில் எடுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை லாட்ஜுக்குப் போய்ப் புது அடாப்டரை ஏற்றி, சிஸ்டத்தை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். ஆபீஸில் பத்துத் தடவை பார்த்ததே போதும் என்று அங்கே பில் எடுத்துப் பார்க்கவில்லை.

"பழைய மாட்யூலை எடுத்துட்டுத் திரும்பப் போட வேணாங்களா?" என்று கேட்டான் கூட வந்திருந்த சிலம்பரசன்.

"நீங்க டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றாள். இவனெல்லாம் யோசனை சொல்ல வந்துவிட்டான்.

சனிக்கிழமை காலை, குளத்தில் முழுகி ஈரத்துணியோடு வந்த கூட்டம் கவுண்டரை மொய்த்தது. "வெள்ளையாவே நிக்குதும்மா" என்றார் மேனேஜர் சுவாமிநாதன். ஷஃபீனா தன் நிரலை வரிவரியாகப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை.

சிலம்பரசன் போனை அவள் முன்னால் நீட்டினான். அவளே எழுதிய விளக்கம். 'அடாப்டர் இன்ஸ்டால் ஆகும் நேரத்தில் மட்டுமே ஓடும்.' முன்பே இன்ஸ்டால் ஆகி உட்கார்ந்துவிட்ட மாட்யூல்களை அது தொடவே இல்லை. நூறு தடவை நிறுத்தி ஓடவிட்டாலும் தொடாது. அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் போட்டான். நான்கு நிமிடம். பில் வந்தது.

முதலாளி ஸ்பீக்கர் போனில் கேட்டார்: "யாரு சரி பண்ணுனது?"

அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஷஃபீனாதான் சார்" என்றான் சிலம்பரசன்.

"மாஷா அல்லாஹ். அப்ப இனி நீதாம்மா டீம் லீட்."

இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. வாய் திறக்கவில்லை. தன்னைப் போல ஒரு கேவலப்பிறவி உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"விடுங்க, பரவாயில்ல" என்றான் அவன். "டீ குடிக்கப் போவோமா?"

போனாள்.