முறுக்கு இல்லாத தைராய்டு

1.

இந்தக் கதை எனக்கு ராயப்பேட்டையில் ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. கையில் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே, வெள்ளைக் கோட்டை மடியில் சுருட்டி வைத்திருந்த இரண்டு மருத்துவ மாணவர்கள். ஒருவன் சொன்னான்:

"மச்சி, ரொம்ப யோசிக்காத. மேல வலது மூலைல முறுக்கு இருந்தா தைராய்டு கேன்சர். அவ்ளோதான்."

நான் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பொட்டலத்தை இடது பக்கம் நகர்த்தினேன்.

என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு அவனே விளக்கினான். இப்போதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணைச் சுருக்குவதில்லையாம். உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டினால் அது ஸ்லைடு. அதை ஸ்கேன் செய்து கணினியில் போட்டுவிடுகிறார்கள். போன் வரைபடத்தில் சென்னையிலிருந்து மாட வீதிக்கு இறங்குவதுபோலப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். எல்லோருக்கும் ஒரே ஸ்லைடு. ஆகவே எல்லோருக்கும் ஒரே அழுக்கு. அவர்களுடைய தைராய்டு ஸ்லைடில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பஞ்சு நூல் சுருண்டு கிடந்தது. அதுதான் முறுக்கு.

மறுநாள் தேர்வாம். சொன்னவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. இறங்கிப் போய்விட்டார்கள். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. சிரிக்காதவனுக்குப் பிரபு என்று பெயர் வைத்தேன்.

2.

தொடக்கங்கள்:

'மார்கழிப் பனியில் மயிலாப்பூர்க் குளம் மெல்ல—' (வேண்டாம். குளத்தை நிம்மதியாக விடுவோம்.)

'டாக்டர் மாளவிகாவின் கண்களில் இனம்புரியாத சோகம்—' (பொய். அன்று காலை அவளுக்கு நல்ல காபி கிடைத்திருந்தது.)

சரி, நேராக வருகிறேன். மாளவிகா நோய்க்குறியியல் ஆசிரியை. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஸ்ரீரங்கன் என்ற பேராசிரியர் வருகிறார் என்றதும், விருந்தாளிக்கு வீட்டைப் பெருக்குகிற வேகத்தில் ஸ்லைடுகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

"மேடம், இந்த நூலு ரொம்ப நாளா இங்கதான் கீது. எடுத்துடவா?" என்றார் ஸ்கேன் அறையின் கலீமுல்லா.

"அசிங்கமா இருக்கு பாய். எடுத்துட்டு மறுபடியும் ஸ்கேன் பண்ணிடுங்கோ."

அவர் ஸ்லைடை மூடியிருந்த மெல்லிய கண்ணாடியைக் கழற்றி, நூலை எடுத்து, மூடி, மறுபடி ஸ்கேன் செய்தார்.*

* இந்த இடத்தில் கலீமுல்லா ஆழமாக ஏதாவது சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்குச் சாப்பாட்டு நேரம். போய்விட்டார்.

3.

பிரபு, தி. நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை. இந்தப் பாடத்தில் ஏற்கெனவே கோட்டடித்தவன். இந்தத் தடவையும் போனால் படிப்பு அவ்வளவுதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"டாக்டரு நாக்காலி கெடைக்கலன்னா கல்லா நாக்காலி சும்மாத்தாம்ல கெடக்கு."

கடைக்கு வருகிறவர்களோ இப்போதே அவனை டாக்டராக்கிவிட்டார்கள். பட்டுப் புடவைக்குப் பில் போடும் இடைவெளியில் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள்.

4.

தேர்வு தொடங்கியது. கணினிகளில் தைராய்டு மலர்ந்தது. (மலர்ந்தது! எழுத்தாளன் புத்தி. திறந்தது.) என்ன நோய் என்று தட்ட வேண்டும்.

பின்னால் நின்ற மாளவிகா பார்த்தாள்: கூடத்தில் இருந்த அத்தனை சுட்டிகளும் மேல் வலது மூலைக்கு ஓடின. அத்தனை தலைகளும் வலப்பக்கம் சாய்ந்தன, பேருந்து திரும்பும்போது சாய்வதுபோல.

"முறுக்கைக் காணோம்டா," என்று கிசுகிசுத்தான் அஸ்வத்.

"நல்லா தேடு. எங்கயாவது கீழ விழுந்திருக்கும்," என்றாள் அஃப்ரா.

முறுக்கு எது என்று மாளவிகாவுக்குப் புரிந்துவிட்டது. 'அந்த நூலுக்குப் பக்கத்துல பாருங்கோ' என்று வருஷம் முழுக்கச் சொன்னது யார்? அவளேதான். புற்றின் அடையாளமெல்லாம் அங்கே தெளிவாக இருந்தது என்பதால் சொன்னாள். பிள்ளைகள் நூலைப் பிடித்துக்கொண்டு புற்றை விட்டுவிட்டார்கள்.

பழைய ஸ்கேன் இன்னும் சர்வரில்தான் இருந்தது. அவள் கணினியில் ஒரு சொடுக்கு போதும், முறுக்கு திரும்பிவிடும்.

5.

முடிவு அ: சொடுக்கிவிடுகிறாள். எல்லோரும் பாஸ். சில வருஷம் கழித்து அசோக் நகரில் ஒரு டாக்டர், ஒருவருடைய தைராய்டு ஸ்லைடில் முறுக்கைத் தேடுகிறார், இல்லை, 'கவலைப்படாதீங்க' என்று அனுப்பிவிடுகிறார். (அடித்துவிட்டேன். என் வீடு அசோக் நகரில்.)

முடிவு ஆ: வெளித் தேர்வாளருக்குப் பலகாரம் வைக்கும் சம்பிரதாயப்படி, ஸ்ரீரங்கனுக்கு ஒரு தட்டு வருகிறது. அவர் மேஜை கூடத்தின் வலது மூலையில். தட்டில் முறுக்கு. மாணவர்கள் அதை நிமிர்ந்து பார்க்கிறார்கள். கண்கள் பனிக்கின்றன. எல்லோரும் சரியான விடையைத் தட்டு— (இதை எழுதிவிட்டு நெடுநேரம் சிரித்தேன். பிறகு பிரபுவின் முகம் ஞாபகம் வந்தது.)

6.

பிரபு கையைத் தூக்கினான்.

"மேம், முறுக்கைக் காணோம்."

"என்ன முறுக்கு?" ஸ்ரீரங்கன் காபியைக் கீழே வைத்தார்.

மாளவிகாவின் விரல் சொடுக்கு விசைமேல் இருந்தது. எடுத்துவிட்டாள்.

"நூல் சார். ஸ்லைடுல இருந்தது. நான்தான் எடுக்கச் சொன்னேன். அதைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுத்துண்டு இருந்ததும் நான்தான்."

ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமினார்.

"எங்க காலேஜ்ல, ஸ்லைடு மூலை உடைஞ்சிருந்தா கிட்னி. நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்." பிறகு சுதாரித்துக்கொண்டு, "பத்து நிமிஷம் கூடக் குடுங்க. நூல் இல்லாமயே பாக்கட்டும்."

பிரபு மூலையை விட்டு வெளியே வந்தான். படத்தைச் சின்னதாக்கினான், இன்னும் சின்னதாக்கினான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான், கடைக்கு வருகிறவர்கள் புடவையை விரிக்கச் சொல்லி இரண்டடி தள்ளி நிற்பார்களே, அப்படி. இப்போது முழு ஸ்லைடும் தெரிந்தது. தைராய்டில் வட்ட வட்டமாக அறைகள் இருக்க வேண்டும். இதில் அறைகளைக் காணோம். கிளைகிளையாகப் பெரணி இலை மாதிரி ஏதோ வளர்ந்திருந்தது. யாரோ ஒருவருடைய கழுத்தில். அவன் தலை சாயவில்லை. தட்டத் தொடங்கி

7.

இல்லை, முடிக்க மாட்டேன். அவனை ஃபெயிலாக்க எனக்கு மனசு வராது. பாஸாக்க எனக்கு அதிகாரம் இல்லை; நிஜப் பிரபு எங்கேயோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான்.

நீங்கள் தட்டுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். வலது மூலையில் மட்டும் தேடாதீர்கள். அங்கே இருந்த முறுக்கை நான் ஆட்டோவிலேயே தின்றுவிட்டேன்.