வாளியில் மிஞ்சிய பதினொன்று

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு கிளியம்மாள் அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எழுதினாலாவது இறங்குமா என்று, வல்லம் வடகாலுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'இசக்கிபாண்டி இரக்கமுள்ளவன். தூண்டிலுக்கு வாங்கிய மீன்குஞ்சு மிஞ்சினால் அதைச் சாகவிட மனம் வராமல்—'

வேண்டாம். குற்றம் நடக்கும் முன்பே நற்சான்று கொடுக்கிறேன்.

இரண்டாவது: 'ஒரகடம் பக்கம் ஏரிகள் கெட்டுப்போவது புதிதா என்ன—'

இதுவும் வேண்டாம். என் பழியை ஊரின் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

(இசக்கிபாண்டி என் அறைத்தோழன். தூண்டிலைத் தொட்டதே இல்லை. என் பெயர் வரவேண்டிய இடத்தில் அவன் பெயரை ஏன் போட்டேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.)

3

நடந்தது இதுதான். சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஓர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் கிளியம்மாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்கார்ந்து நான் விரால் பிடித்துக்கொள்ள அனுமதித்தவர். விராலுக்கு உயிருள்ள குஞ்சுதான் இரை. நான்கு மாதம் முன்பு மீன்குஞ்சு வளர்த்து விற்கும் ஒரு குட்டைக்காரரிடம் கெளுத்திக் குஞ்சு என்று வாங்கிப் போனேன். கிளம்பும்போது வாளியில் பதினொன்று மிச்சம். கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் மிஞ்சிய உதிரிபாகங்களைத் திருப்பி வைத்துவிட்டு வருகிற கை இது. ஏரியில் கவிழ்த்துவிட்டேன். புண்ணியம் செய்த நிம்மதிகூட இருந்தது.

சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது நம் கெளுத்தி இல்லை. மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும் வெளிநாட்டு இனம். வளர்க்கவே தடை.

(குறிப்பு: கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. பெட்டியில் வேறு அளவு போல்ட் ஒன்று கலந்திருந்தால் அதோடு வந்த மொத்த லாட்டையும் நிறுத்திவிடுவேன். கலந்தது யார் என்று கேட்டுக் கேட்டு ஆட்களை அழவைத்திருக்கிறேன். ஏரியை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.)

4

போன ஞாயிறு அக்காவின் வலையில் ஒன்று சிக்கியது.

"இது இன்னா மீனு தம்பி? கெளுத்தி மாரி கீது, கெளுத்தி இல்ல. உங்க ஊர்ல பாத்துகிறியா?"

"தெரியலக்கா."

யாருக்காவது தெரிகிறதா பார்ப்போம் என்று அதைத் தொட்டியில் போட்டுவைத்தார். நாளை ஏரியில் விட கட்லாக் குஞ்சு வண்டி வருகிறது என்று இன்று காலை நான் கரைக்கு வந்ததும் சொன்னார். இந்த வருடத்துப் பிழைப்பே அவருக்கு அதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

5

இன்று ஞாயிறு. பஸ்ஸில் தொடங்கியதைக் கரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா வாளியோடு வருகிறார்.

முடிவு ஒன்று: எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் என்னை மன்னித்து— (அழித்துவிட்டேன். அது என் ஆசை.)

முடிவு இரண்டு: அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறேன். நாளை வண்டி வருகிறது. பிறகு—

"யாருக்கும் தெரியலயாம் தம்பி. பாவம், உசுரோட கீது. ஏரியிலயே வுட்டுடட்டா?"

அன்று நான் நின்ற அதே இடம். அதே இரக்கம். வாளி சாய்கிறது.

'அக்கா' என்று மட்டும் வாயைத் திறந்துவிட்டேன். அவர் வாளியைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறார். அடுத்த வார்த்தையை நீங்கள் எழுதுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்.

இசக்கிபாண்டியின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதிவிடுவேன் போலிருக்கிறது.