பதினோரு வருடத்தில் வெந்த சுவர்

அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவே எழுப்பிய சுண்ணாம்புக்கல் சுவர் பதினோரு வருடத்தில் பளிங்காகிவிட்டது. அதே வேலைக்கு மலைத்தொடருக்குக் கோடி வருடம் பிடிக்கும் என்கிறார்கள். மலைக்கென்ன, ரோஷமா மானமா, ஆற அமரச் செய்யும்.

இருவருக்கும் ஒரே குவாரியில் வேலை. வெடி வைக்குமுன் அண்ணன் விசில் ஊதினானா இல்லையா என்பதுதான் தகராறு. ஊதினேன் என்றான் அண்ணன். கேட்கவே இல்லை என்றான், சுண்டுவிரலைப் பறிகொடுத்த தம்பி. மறுவாரமே, ஒன்றாயிருந்த வீட்டுக் கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது, சிப்பி அச்சுகள் பதிந்த குவாரிக் கல்லில். இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு, முதுகோடு முதுகாக. கல் பளிங்காக வேண்டிய சூட்டுக்கு அடுப்பு ஆயிற்று, இரண்டு பக்க நெருக்கலுக்கு இருவர் கோபமும் ஆயிற்று. பாவம், மாட்டிக்கொண்டது அவர்கள் பெண்டாட்டிகள் இருவரும்தான். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். "அந்த வாசப்படிய மிதிச்சா இந்த வாசப்படி உனக்கு இல்ல" என்று இரண்டு புருஷன்மாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வசனம் பேசினார்கள்.

மூத்தவளை ஊரில் சொட்டுக்காரி என்பார்கள். சுண்ணாம்புச் சூளைக்கு வரும் கல்லின் மேல் ஒரு சொட்டு அமிலம் விடுவாள். பொங்கினால் சூளைக்கு, பொங்காவிட்டால் குப்பைக்கு. நான்காம் வருடம் சுவரில் சிப்பிகள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின, கல் சர்க்கரை மாதிரி மினுங்கியது. அவள் ஒரு சொட்டு விட்டாள், பொங்கியது. "சாதா சுண்ணாம்புக்கல்லுதான், போய் வேலையப் பாருங்க" என்று தீர்ப்புச் சொல்லி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டாள். பளிங்கும் அப்படித்தான் பொங்கும் என்பது சூளையில் யாருக்கும் தேவைப்படாத சங்கதி.

பதினோராம் வருடம் ஒரு காலையில் வெள்ளை பொலபொலவென்று உதிர்ந்தது. நெருக்கத்தில் சுவர் அரைச் சாணாக இளைத்திருந்தது. அந்தப் பக்கத்துச் சன்னல் வெயில் அதை ஊடுருவி இவள் சமையலறைக்குள் வந்தது, கூடவே ஓரகத்தியின் நிழலும். சொட்டுக்காரி கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்து பார்த்தாள். நிழல் குடத்தைத் தூக்கியது, சுவரைப் பிடித்தது, சரிந்து விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

"எங்க போற?" என்றான் வாசலில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த புருஷன்.

"அவ விழுந்து கெடக்கா. உங்க வாசப்படிய நீங்களே வச்சுக்குங்க!"

அடுத்த வாசல் பத்தே எட்டுத் தூரம். மடியில் தலையை ஏந்திக்கொண்டபோது ஓரகத்தி கண் திறந்து, "அக்கா, என்ன இப்படி எளச்சுட்ட?" என்றாள்.

"பேசுற நேரமாடி இது, வாய மூடு" என்று சொட்டுக்காரி ஓவென்று அழுதாள். அரைமணி தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்றார் டாக்டர். மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் அவள்தான் துணைக்கு இருந்தாள். அதன்பிறகு வாசற்படியைப் பற்றி எந்தப் புருஷனும் வாய் திறக்கவில்லை.

கல் ஆராய்ச்சி அதிகாரி ஒருவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் பூமி நெருக்கணும், அடியில சூடும் இருக்கணும். வீட்டுக்குள்ள எப்படிம்மா?"

"எங்க வீட்டுக்காரரையும் கொழுந்தனாரையும் நீங்க பாத்ததில்லையே சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டு போனார். கூரையைத் தாங்குவதால் சுவர் அப்படியே நிற்கிறது. அண்ணனும் தம்பியும் இன்னும் பேசுவதில்லை. விடிகாலையில் தம்பி வீட்டு விளக்கிலிருந்து சுவர் வழியாக வரும் வெளிச்சத்தில்தான் அண்ணன் சவரம் செய்கிறான். ஒருநாள் பாதிக் கன்னத்தில் விளக்கு அணைந்துவிட்டது. அண்ணன் கொஞ்சநேரம் நுரையோடு நின்றான். பிறகு சுவரை இரண்டு முறை தட்டினான். விளக்கு எரிந்தது. மீதிக் கன்னத்தை வழித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.