வெளிநாட்டு டாக்டரம்மா

எழில்மதி கள்ளக்குறிச்சியில் ஒரு கேபிள் சேனலில் செய்தி வாசிப்பவள். மெத்தைக் கடை நவுஷாத் விளம்பரம் கேட்டு வந்தபோது, சேனல் நடத்தும் இளஞ்செழியன் அவளையே குரல் கொடுக்கச் சொன்னார். திரையில் வெள்ளைக் கோட்டு போட்ட வெளிநாட்டு டாக்டர். "வனக்கம். முத்துகு வலி இனி இல்லய்" என்று எழில்மதி நாக்கைச் சுருட்டிப் பேசினாள். மெத்தை நன்றாக விற்றது.

கச்சிராயபாளையத்தில் அவள் அம்மா பெரியம்மாள், கரும்பு வெட்டிவிட்டு வந்து மகளோடு அதைப் பார்த்தாள்.

"அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அது நான்தாம்மா."

பெரியம்மாள் நம்பவில்லை. மகள் பேசிக் காட்டியதும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ஏன், நம்மளாட்டம் பேசினா மெத்த விக்காதா?"



நவுஷாத் இன்னொரு விளம்பரம் கேட்டார். ஒரு கூலிக்காரப் பெண் அசட்டுத்தனமாக ஏதோ கேட்பாள், டாக்டர் திருத்துவாள். இரண்டு குரலும் எழில்மதிதான். ஒத்திகையில், "இன்னா டாக்டரம்மா, குனிஞ்சா நிமிர முடியல" என்றாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நவுஷாத்தும் இளஞ்செழியனும் சிரித்தார்கள். அவள் அம்மா வேலைவிட்டு வந்ததும் சொல்லும் பேச்சு அது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

"இது என்னால முடியாது சார்."

வேறொரு பெண்ணை வைத்து முடித்தார்கள்.

அது ஒளிபரப்பானபோது எழில்மதி சேனலை மாற்றப் போனாள். அம்மா தடுத்தாள். முழுதும் பார்த்தாள்.

"யாருடி இவ? நம்மூர்ல யாரு இப்படி இழுத்துக்கினு பேசறாங்க?"

"சிரிக்கறதுக்காகப் பண்றாங்கம்மா. அதான் நான் மாட்டேன்னுட்டேன்."

"நீ பேசியிருந்தா ஒழுங்கா பேசியிருப்ப. வலிய எப்படிச் சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியும்."

அம்மாவைக் கேலியிலிருந்து காப்பாற்றிவிட்டதாகத்தான் எழில்மதி அதுவரை நினைத்திருந்தாள்.

மறுநாள் இளஞ்செழியனிடம் போய், "அந்த விளம்பரத்த மறுபடி எடுங்க சார், கூலிக்காரம்மாவ நான் பேசறேன். வலிக்குதுன்னு மட்டும் சொல்லுவேன். கோமாளித்தனம் வேணாம்" என்றாள்.

அங்கே வந்திருந்த நவுஷாத் தயங்கினார். "சிரிப்பு இல்லன்னா யாரும்மா பாப்பாங்க?"

"ஒருதரம் கேட்டுப் பாருங்க."

பேசினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.  நவுஷாத் இளஞ்செழியன் பக்கம் திரும்பி, "அந்த டாக்டரம்மா பேச்சக் கொஞ்சம் கம்மி பண்ணிடுங்க" என்றார்.