கிளட்ச்சில் நின்ற காற்று

1

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வரக்கூடாது. மாடியில் துணி காயப்போட்டபோது பக்கத்து வீட்டு ஷெட்டிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

"மிதி."

"மிதிச்சிட்டேன் மாமா."

"காலை எடு."

ஞாயிறுதோறும் இதே பாட்டு. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் அ: அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வயதான அழகியைப் போல— (வேண்டாம். என் மனைவி படித்தால் வம்பு.)

தொடக்கம் ஆ: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர் பல் டாக்டர். மேலே பெடலை மிதிப்பவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கிளட்ச்சை மிதித்தால் பெடல் சொத்தென்று தரை வரை போகிறது. கியர் விழாமல் கறகறவென்று கத்துகிறது. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அதன் பிறகுதான் காலை எடுக்கலாம். ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை.

(ஆ-வே இருக்கட்டும்.)

3

மனைவியின் தம்பி என்றேனே, அது போன மாதம் வரை. விவாகரத்து ஆகிவிட்டது. கோர்ட் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தது; இவர்கள் இருவரும் இனி ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதை மட்டும் சொல்லவில்லை. டாக்டருக்கு அவனை விட்டால் மனசுவிட்டுப் பேச ஆளில்லை. "கார் ரெடியாகுற வரைக்கும் வர்றேன் மாமா" என்று அவன் சொன்னதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

4

இன்று டார்ச் அடித்துப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. எண்ணெய்க் குழாய் வந்து சேரும் கிளட்ச் சிலிண்டரில் இரண்டு துளைகள். எண்ணெய் கீழ்த்துளையில் நுழைய, காற்று மேல்துளை வழியே வெளியேற வேண்டும். குழாயும் திருகும் இடம் மாறியிருக்கின்றன. காற்று மேலேயே குந்தியிருக்கிறது; ஆயுசுக்கும் மிதித்தாலும் போகாது. மாற்றிப் போட்டால் சாயங்காலத்துக்குள் கார் கிளம்பிவிடும்.

மச்சானும்.

5

சிலிண்டரை மாட்டியது மச்சான்தான். முதல் வரைவில் கவனக்குறைவு என்று எழுதியிருந்தேன். ஆனால் அவன் மெக்கானிக். தினமும் இதையே செய்கிறவன். [இப்படியொரு தப்பை அவன் செய்வானா? எழுதுகிற எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டால் சிரித்து மழுப்புவான்.]

6

முடிவு ஒன்று: டாக்டர் வாயே திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் மிதி, எடு.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறார். கார் ஓடுகிறது. அதற்கடுத்த ஞாயிறு அவர் தனியாக ஷெட்டைத் திறந்து— (எழுத மனசு வரவில்லை.)

"என்ன மாமா, சத்தத்தையே காணோம்? ஏதாவது தெரியுதா?"

டாக்டர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கிறார்.

"அவசரமில்ல மாமா. நான் மிதிச்சிக்கிட்டே இருக்கேன்."

துணி காய்ந்துவிட்டது, நான் கீழே இறங்குகிறேன். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது இனி நீங்கள்தான்.