குனாத் வீட்டு டெலிபோன்

ஹெர்தாவுக்கு அறுபது வயது நிறைந்த அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் போலீஸ் அலுவலக வாசலில் நின்றிருந்தாள். பிறந்தநாள் கேக்கைக்கூட வெட்டவில்லை. நானும் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் கல்யாணத்துக்குக்கூட இப்படி நாள் எண்ணியதில்லை. அறுபது ஆகிவிட்டால் பெண்களை எல்லை வேலியைத் தாண்டி மேற்கே போய்வர விடுவார்கள். ஆண்களுக்கு அறுபத்தைந்து ஆக வேண்டும். உழைத்து ஓய்ந்தவர்கள் திரும்பி வராமல் போனாலும் அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை, பென்ஷன் மிச்சம். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போது ஐம்பத்தாறு. என்னைவிட நாலு வயது மூத்தவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று என் அம்மா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். அந்த நாலு வருடம் போலீஸ் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் வந்தபோது ஒன்பது வருடமாகிவிட்டது: அவள் இன்றே போகலாம், நான் அறுபத்தைந்து வரை காத்திருக்க வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம், ஹனோவரில் எங்கள் மகள் மார்லீஸ் இருந்தாள். நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு மனுப் போட்டு, அதனாலேயே வேலையை இழந்து, மூன்று வருடம் மாதா கோயிலில் தரை துடைத்துவிட்டு, கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை 'இன்று மாலைக்குள் கிளம்பு' என்று காகிதம் வந்து போனவள். போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அங்கே அவளுக்கு ஒரு பையன், யோனாஸ், மூன்று வயது. அவனை நாங்கள் போட்டோவில்தான் பார்த்திருந்தோம். போட்டோவில் அவன் எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருப்பான்.

நான் மேஜை நாற்காலி செய்யும் ஆலையில் தச்சன். அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் ராக்கெட்டை நீட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. திங்கட்கிழமை காலை எங்களைக் கூட்டி நிறுத்தி, முதலாளித்துவம் எப்படி அழுகி விழப்போகிறது என்று அரைமணி நேரம் வாசிப்பார்கள். கைதட்டிவிட்டு, நாங்கள் போய் அந்த முதலாளித்துவத்துக்குச் சமையலறை அலமாரி செய்வோம். நல்ல பீச் மரம், வழுக்கிக்கொண்டு ஓடும் இழுப்பறைகள். எங்கே செய்தது என்று எதிலும் எழுதக்கூடாது. வெள்ளிக்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போகும். அந்த அலமாரியில் ஒன்று வேண்டுமென்றால் எங்களுக்குக் கிடைக்காது. அலமாரி போகலாம், அலமாரி செய்தவன் போக முடியாது. இதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது: எப்போதாவது, யாரும் பார்க்காதபோது, கடைசி இழுப்பறையின் அடிப்பலகையில் பென்சிலால் ஒரு 'லோ' போட்டுவிடுவேன். லோத்தாரின் 'லோ'. அதை ஹெர்தாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "மாட்டினா களி தின்னுவே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எங்கள் கட்டடத்தில் டெலிபோன் இருந்தது ஒரே ஒரு வீட்டில். முதல் மாடி குனாத் வீட்டில். குனாத் மனைவியை இழந்தவர், எழுபது வயது, கட்சிக்காரர். யார் யார் வீட்டுக்கு யார் வந்து தங்கினார்கள் என்று எழுதிவைக்கும் நோட்டும் அவரிடம்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சூப் கொண்டுவருவார். யாருக்காவது போன் வந்தால் மாடிப்படியில் நின்று கூப்பிடுவார். நாம் பேசும்போது மரியாதையாகத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் பேசுவதற்கென்று எங்களிடம் தனியாக ஒரு பேச்சு இருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கியூபாவிலிருந்து ஆரஞ்சு வந்தது. பச்சையாக, நார் நாராக, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு ஆரஞ்சு. "எப்படி இருக்கு?" என்று குனாத் கேட்க, ஹெர்தா, "தேன் மாதிரி இருக்குங்க!" என்றாள். மாடி ஏறும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவைச் சாத்தியதும் வயிறு வலிக்கச் சிரித்தோம். குனாத் முன்னால் ஆமாம் என்றால் இல்லை, பிரமாதம் என்றால் சகிக்கவில்லை. முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் பாதி இப்படித்தான் நடந்தது.

அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஊருக்கு வெளியே இருந்த எங்கள் சின்னத் தோட்டத்துக்குப் போனோம். செடிகளுக்குக் காது கிடையாது என்பதால் முக்கியமானதை எல்லாம் அங்கேதான் பேசுவோம். நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அங்கேயே இருந்துடு ஹெர்தா. பொண்ணு இருக்கா, பேரன் இருக்கான். நான் இங்க மனுப் போட்டுக்கிட்டு இருக்கேன். என்னைக்காவது விட்டுத்தானே ஆகணும்?"

"மார்லீஸை மூணு வருஷம் என்ன பாடுபடுத்தினாங்கன்னு மறந்துட்டியா? உன் வயசுக்குத் தாங்குமா அது?" அவள் சிவப்புத் திராட்சைக் கொத்துகளை உருவிக் கிண்ணத்தில் போட்டபடியே பேசினாள். "நல்லவன்னு பேர் வாங்குறதுக்காகச் சொல்லாதே. மூணு வாரம் தனியா இருந்து பாரு. அப்புறம் போன்ல சொல்லு. வான்னா வர்றேன், இருன்னா இருக்கேன்."

"போன்லயா? குனாத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா?"

"நீ சொல்ற விதத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும். உன்னை எனக்குத் தெரியாதா?"

எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. தெரியாமல் எப்படிப் போகும்?

முதல் வாரம் நான் தியாகியாக இருந்தேன். அவள் அங்கேயே இருக்கட்டும், நான் சமாளித்துக்கொள்வேன் என்று முட்டை வேகவைத்துத் தின்றேன். இரண்டாவது வாரம் அவளுடைய செருப்பு கதவோரம் கிடப்பதைப் பார்க்க முடியாமல் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். வைத்த இடம் வெறுமையாகத் தெரிந்தது, திரும்ப எடுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. நான் பெருந்தன்மையானவன் இல்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில், இந்த ஊரில், நாலு பக்கமும் வேலி போட்ட இந்த நாட்டில் என்னால் ஒன்பது வருடம் மூச்சுவிட முடியாது. அவள் இருந்ததால்தான் வேலி இருப்பதே இத்தனை நாள் உறைக்காமல் இருந்திருக்கிறது. சுயநலம் என்றால் சுயநலம்தான். அவள் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குனாத் படியில் நின்று கூப்பிட்டார். "லோத்தார்! ஓடி வாப்பா, ஹனோவர்!"

வழக்கம்போல் நலம் விசாரித்தோம். யோனாஸ் அவளைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறானாம். "இங்க மார்லீஸ் வீட்டுச் சமையலறையில உங்க ஆலை அலமாரி நிக்குது, லோத்தார். பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுடுச்சு. அடி இழுப்பறையை உருவித் திருப்பிக்கூடப் பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. வெறும் பலகை. வியாழக்கிழமை வண்டி. என்ன செய்யட்டும்?"

குனாத் ஒரு உருளைக்கிழங்கை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"வந்துடு," என்றேன். "வியாழக்கிழமை வண்டியிலேயே வந்துடு ஹெர்தா. உன் இடம் இங்கதான். எல்லாரும் உன்னை எதிர்பார்த்துட்டு இருக்கோம்."

அந்தப் பக்கம் பின்னால் குழந்தை ஏதோ கேட்பது கேட்டது.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேன். வந்துடு."

"புரியுது." அவள் குரல் உடைந்தது. "நீ ரொம்ப நல்லவன், லோத்தார்."

போனை வைத்தேன். குனாத்தின் கண்கள் ஈரமாக இருந்தன. "பிரமாதமாப் பேசினப்பா," என்றார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. இரண்டிரண்டு படியாக ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் கால் நின்றது. வரச் சொன்னவனை எதற்கு நல்லவன் என்றாள்?

உன் இடம் இங்கதான். எல்லாரும் எதிர்பார்த்துட்டு இருக்கோம். யார் அந்த எல்லாரும்? என் குரல் இப்போது எனக்கே கேட்டது: ஆலைக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பவனின் குரல். பயத்தில் நாக்கு தானாகப் பழைய தடத்தில் ஓடிவிட்டது. கியூபா ஆரஞ்சு தேன் மாதிரி இருக்குங்க. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை குனாத் முன்னால் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அதை என் பெண்டாட்டி எப்படி நம்புவாள்?

இறங்கி ஓடினேன். இங்கிருந்து மேற்கே பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். "இப்பதானே பேசினே? எதையாவது மறந்துட்டியா?" என்று குனாத் அக்கறையாகக் கேட்டார். அவர் கையில் அதே கத்தி, மடியில் அதே கிண்ணம். மறுபடி கூப்பிட்டு என்ன சொல்வது? வா என்று இன்னும் அழுத்திச் சொன்னால் வராதே என்பதுதான் இன்னும் அழுத்தமாக அவளுக்குக் கேட்கும். வராதே என்று சொன்னால்தான் வருவாளோ என்னவோ. அதைச் சொன்னால் என்னை வேறு இடத்துக்குக் கூட்டிப்போய் விசாரிப்பார்கள். "ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு ஏறிவந்தேன்.

மறுநாள் தபால் நிலையத்தில் தந்தித் தாளை வாங்கி 'வா' என்று ஒரு எழுத்து எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் படித்தாள், பிறகு என்னைப் படித்தாள். பின்னால் வரிசையில் இருந்தவரும் எட்டிப் பார்த்தார். அவளுக்கும் முன்னால், அவருக்கும் முன்னால் எழுதிய வா, குனாத் முன்னால் சொன்ன அதே வா. கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடிதம் போய்ச்சேரப் பத்து நாள் ஆகும், அதுவும் பிரிக்காமல் போய்ச்சேராது.

வியாழக்கிழமை லைப்சிக் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி நாற்பது நிமிடம் தாமதம். வந்து நின்றதும் கதவு கதவாகக் கிழவிகள் இறங்கினார்கள், மேற்கே வாங்கிய காப்பித்தூள் வாசனையோடு, இரண்டு கையிலும் பை. நான் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்தேன், திரும்பியும் நடந்தேன். துப்புரவுக்காரர் வந்து பெட்டிகளைக் கூட்டத் தொடங்கிய பிறகும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது குனாத் சூப்போடு காத்திருந்தார். ஹனோவரிலிருந்து மார்லீஸ் போன் செய்தாளாம். அம்மாவுக்கு இருதயம் பலவீனம், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மேற்கே போய்த் திரும்பாத எங்கள் ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் அங்கிருக்கும் டாக்டர்கள் அதையேதான் சொல்வார்கள். குனாத்துக்கும் அது தெரியும். என் தோளில் கையை வைத்தார்.

"கவலைப்படாதே. உனக்கு ஒரு குறையும் வராது. நீ வாய்விட்டு வா, வான்னு கூப்பிட்டதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். எவன் வந்து கேட்டாலும் சாட்சி சொல்றேன்."

அவர் உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. சூப்பை வாங்கி, அவர் எதிரிலேயே நின்று குடித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் லாரி வரும் என்பதால் ஆலையில் கையும் காலும் ஓடிக்கொண்டிருந்தன. என் மேஜைக்குப் பக்கத்தில் கடைசியாக எட்டு அலமாரிகள். முதல் அலமாரியின் அடி இழுப்பறையைக் கவிழ்த்து வைத்தேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இந்தத் தடவை 'லோ' போடவில்லை. பெரிய எழுத்தாக, பலகை முழுக்க எழுதினேன்.

'ஹெர்தா, வந்துடு. இங்கே குனாத் இல்லை.'

நிமிர்த்தி உள்ளே தள்ளினேன். மெழுகு போட்டிருந்ததால் சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. கட்டுக்கட்டும் பெண் வந்து அட்டையைச் சுற்றி, பேர் இல்லாத சீட்டை ஒட்டி வண்டியில் தள்ளிக்கொண்டு போனாள். நான் அடுத்த அலமாரியின் இழுப்பறையை உருவிக் கவிழ்த்தேன்.