இரண்டு சொட்டு ரத்தம்

தையல்காரருக்கு ஊசி என்றால் பயம். சொன்னால் யார் நம்புவார்கள்? ஆயுசு முழுக்க ஊசியோடு பிழைப்பு நடத்தியவர், ஆம்புலன்ஸில் நர்ஸ் விரலைப் பிடித்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நெஞ்சைப் பிசைகிறது, மூச்சு முட்டுகிறது என்று கடையில் சரிந்து தெருவையே கூட்டியவர் இவர்தான்.

"ஒரு சொட்டு போதும் ஐயா. ஹார்ட் அட்டாக்கா இல்லையான்னு போற வழியிலேயே இந்த மெஷின் சொல்லிடும்," என்றாள் நர்ஸ். செங்கல் அளவே இருந்த அந்தப் புது மெஷினை அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"மொதல்ல அவளுக்குக் குத்தும்மா. நான் பார்க்கறேன்," என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார்.

"நல்ல கூத்து! வலி உங்களுக்கு, ஊசி எனக்கா?" என்றாலும் மனைவி விரலை நீட்டிவிட்டாள். குளிக்கிற தண்ணீரின் சூட்டைக்கூட அவள் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் அவர் சொம்பையே எடுப்பார்.

நர்ஸ் அவள் ரத்தத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் காட்டி, "இவ்வளவுதான் ஐயா," என்று தட்டில் வைத்தாள். அவருடையதையும் எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து வண்டி வேகத்தடையில் தூக்கிப்போட்டது. குழாய்கள் உருண்டன. அவருடையது என்று நினைத்த ஒன்றை அவள் மெஷினில் செருகினாள்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் சிவப்பாக மின்னியது. நர்ஸின் முகம் மாறிவிட்டது.

"இதயத் தசை பாதிச்சிருக்கு. அண்ணா, பெரிய ஆஸ்பத்திரிக்கே விடுங்க!" என்று டிரைவரிடம் கத்தினாள்.

தையல்காரருக்குக் கண்ணைக் கட்டியது. மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அடுத்த நிமிஷமே ஒரு பெரிய ஏப்பம் வந்தது. நெஞ்சை அழுத்திய பாரம் போன இடம் தெரியவில்லை. ஏப்பத்தோடு போகிற ஹார்ட் அட்டாக்கும் உண்டா என்ன? நர்ஸுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. வண்டியில் ஏற்றியதும் எடுத்த அவருடைய ஈ.சி.ஜி.யும் நல்லபடியாகத்தான் இருந்தது. மறுபடி அவர் விரலைக் குத்தினாள். பயப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இந்த முறை பச்சை விளக்கு. ஒரு கோளாறும் இல்லை.

"என்னம்மா இது? ஒரு தடவை இருக்குங்குது, ஒரு தடவை இல்லைங்குது. பைத்தியம் பிடிச்சது மெஷினுக்கா, எனக்கா?"

நர்ஸ் தட்டில் மிச்சமிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு மனைவியைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கென்ன, காலையிலேர்ந்து தோள்பட்டை குடைச்சல். கொஞ்சம் வேர்க்குது. அவரைப் பாரும்மா நீ."

"ஐயோ, குழாயை மாத்திட்டேன்! ஐயா, எழுந்திரிங்க. படுக்க வேண்டியது அவங்க."

என்ன நடக்கிறது என்று புரியாமலே அவர் படுக்கையிலிருந்து இறங்கினார். மனைவியோ படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவரே அவள் தோளை அணைத்துப் படுக்க வைத்தார். அவள் ரவிக்கை முழுக்க வேர்வை. இத்தனை நேரம் பக்கத்திலேயே இருந்தவள். நர்ஸ் அவள் நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். ஈ.சி.ஜி. காகிதம் ஓடியது. "சீக்கிரம் அண்ணா, சீக்கிரம்!"

"காலையிலேர்ந்து வலிக்குதா?" அவர் அவள் பக்கம் குனிந்தார். "எங்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"சொன்னேனே," என்றாள் அவள். "நீங்க 'உம்'னீங்க."

எவ்வளவு யோசித்துப் பார்த்தும் அவருக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.